பல்வலி

ஆன்யாங் நிலையத்தில் ரயில் நின்றபோது
லுவான் தேமிங் ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியிருந்தார்.
மறு கையில் என் பெயர் எழுதிய அட்டை,
ஓர் எழுத்துக் குறைவாக.
கடைவாய்ப் பல். மூன்று நாளாய்.
டாக்டரிடம் போகலாமே என்றேன்.
முதலில் உங்கள் எலும்புகள் என்றார்.

வழிநெடுகக் கோதுமை.
அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம்.
ஒரு கண் சாலையில், ஒரு கண் வானத்தில்.
இப்போது பெய்தால் நின்ற கதிரிலேயே முளைவிட்டுவிடுமாம்.
வலிக்கு ஹுவாஜியாவ் மிளகை மென்று
நாக்கு மரத்துப் பேசினார்.
என் அரைகுறைச் சீனத்துக்குப் பாதிச் சொல் எட்டவில்லை.

கண்ணாடிக்குள் ஆமையின் அடிவயிற்று ஓடு.
குழி குடைந்து, கங்கு வைத்து,
வெடித்த கீறலில் விடை தேடியிருக்கிறார்கள்.
மழை வருமா.
வடக்கே படை போகலாமா.
அரசி பெறப்போவது ஆணா.
கேள்வியை அத்தனை ஆழமாய்ச் செதுக்கியவர்கள்
பலித்ததா என்று எழுதியது அபூர்வம்.
என் நாட்குறிப்பும் அப்படித்தான்.

ஒரு சில்லின் முன்னால் லுவான் நின்றுவிட்டார்.
விளக்க அட்டையை முணுமுணுத்து வாசித்தார்:
அரசருக்குப் பல் நோகிறது.
தீங்கு செய்வது எந்த முன்னோர்?

சிரித்தார். சிரித்ததில் வலித்தது. மேலும் சிரித்தார்,
வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்க.
"எனக்கு ஓட்டைச் சுட வேண்டியதில்லை.
அப்பாதான்."

பின்கூடத்தில் ஒருவனைக் காட்டினார்.
ஒருக்களித்துக் கிடந்தான்.
மணிக்கட்டுகள் இன்னும் சேர்ந்தே இருந்தன;
கட்டிய கயிறுதான் மக்கிப்போயிருந்தது.
தலை இல்லை.
"இவனுக்குப் பல்வலி கிடையாது" என்றார்,
பிறகு, சொன்னதற்கு வருந்தியவர்போல்
கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

அவர்கள் வயல் ஓரத்தில் அப்பாவைப் புதைத்தது.
பதினொரு வருஷம் கழித்து அளவுக்கயிறுகளோடு வந்தார்கள்.
படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் லுவான்.
அப்பா இப்போது நகராட்சிக் கல்லறையில், முப்பத்தொன்றாம் வரிசை,
கூப்பிட்டால் கேட்காத உயரத்தில் ஒரு மாடம்.
பழைய குழியில் இன்னும் மூன்று முழம் இறங்கியபோது
இவன்.
"அப்பாவுக்குக் கீழ் வீட்டுக்காரன்.
இத்தனை வருஷமும் ஒரு சத்தம் போட்டதில்லை."

சிங்மிங் அன்று முதலில் அங்கே போவார்,
பிறகு இங்கே.
இங்கே தாள் எரிக்க முடியாது, புகைமணி அடிக்கும்.
சாராயம் ஊற்றவும் முடியாது.
இவன் பங்கையும் வாசலில் நின்று குடித்துவிட்டு உள்ளே வருவார்.

முன்கூடத்துக்கும் பின்கூடத்துக்கும் நாற்பதடி.
அங்கே ஓர் அரசரின் பல்.
இங்கே ஒருவன், கழுத்து வரைக்கும்.
அந்த வலிக்குக் கொடுத்ததா இவனை?
காவலுக்கு நின்ற பெண்ணிடம் கேட்டேன்.
சீருடையில் மியாவ் என்று பெயர், கையில் வெந்நீர்க் குடுவை.
பொருந்தாது, இவன் நூறு வருஷம் பிந்தியவன் என்றாள்.
"அப்படியானால் வேறு யாருடைய பல்லுக்கோ" என்றார் லுவான்.
அவள் மூடியைத் திருகி மூடினாள்.

மாலையில் பிடுங்கினார்கள்.
சாவியும் தொப்பியும் என் மடியில்.
பஞ்சில் சுற்றிய பல்லோடு வெளியே வந்தவர்
எனக்கான விடுதிக்குத் திரும்பாமல்
வயலுக்கு வண்டியை விட்டார்.
குழியை மூடி மறுபடி விதைத்திருந்தார்கள்.
தோண்டக் கூடாது என்று பலகை.
குனிந்து, சுட்டுவிரலால் ஓர் அங்குலம்.
மண்ணைத் தள்ளிவிட்டு
இதற்கும் ஒருநாள் எண் போடுவார்கள் என்பதுபோல்
கட்டைவிரலால் காற்றில் ஏதோ கிறுக்கினார்.

ஹுவான் ஆற்றுப் பக்கம் கறுத்திருந்தது.
வருமா என்றேன்.
மருந்தில் மரத்த வாயால்
நீளமாகவே ஏதோ சொன்னார்.